நாய்க்குப் பேர் உண்டு. படம் போட்டவருக்கு இல்லை!

நாயின் பெயர் கோவிவன்.

எஜமானின் எருமை மந்தையில் கை வைக்க வந்த திருடர்கள் இரண்டு பேரைக் கடித்துக் குதறிய நாய் அது. எஜமான் கருந்தேவக்கத்தி சண்டையில் செத்துப் போனார். நாய் காவல் நின்றது. செத்தவருக்குக் கல் நட்டார்கள். கல்லிலே ஆயுதத்தோடு வீரன் நிற்கிறான். பக்கத்திலே நாயும் நிற்கிறது.

யார் ராஜா, அது அவருக்கு எத்தனையாவது ஆட்சி ஆண்டு, செத்தவர் யார், கடித்த நாயின் பெயர் என்ன? எல்லாம் அந்தக் கல்லிலே எழுத்தாக இருக்கிறது.

அந்தப் படத்தைச் செதுக்கிக் கொடுத்தவர் யார்? அது மட்டும் இல்லை!

இது எடுத்தனூர் நடுகல். ஜவ்வாது மலைக்குத் தெற்கே, செங்கம் - தண்டராம்பட்டு வட்டாரத்து ஊர். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-வது ஆட்சி ஆண்டு. ஏறக்குறைய 1,400 வருஷத்துச் சங்கதி. இந்த வட்டாரத்தில் இப்படி ஏராளமான கற்கள் உண்டு. டாக்டர் நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் இதற்கென்றே 'செங்கம் நடுகற்கள்' என்று தனிப் புத்தகம் போட்டது.

இதிலே வேடிக்கை என்ன தெரியுமா? அந்த மகேந்திரவர்மன் பட்டங்களில் ஒன்று 'சித்திரகாரப்புலி'. ராஜாவே ஓர் ஆர்ட்டிஸ்ட்! அவர் ஆட்சியிலேயே படம் போட்டவர் பேர் கல்லில் ஏறவில்லை.

இன்றைக்குப் பத்திரிகைக்கும், புத்தகத்துக்கும், விளம்பரத்துக்கும் தனியாளாக இருந்து படம் போட்டுக் கொடுக்கிறாரே ஃப்ரீலான்ஸ் ஆர்ட்டிஸ்ட், அவர் பிழைப்பையும் இந்தக் கல்லிலிருந்தே பேச ஆரம்பிக்கலாம்.

மலை மேலே ஒரு கை

போளூரிலோ திருப்பத்தூரிலோ பஸ் ஏறி மலைக்குப் போகிறவர்களுக்கு வழி தெரியும். வளைவு வளைவாக ஏறி ஜமுனாமரத்தூர். இன்னொரு பக்கம் காவலூர், வானத்தைப் பார்க்கும் பெரிய டெலஸ்கோப் இருக்கிற ஊர். சாமை, தேன், புளி, கடுக்காய் என்று மலைச் சரக்கு கீழே இறங்குகிறது. அரிசி, சோப்பு, செல்போன் மேலே ஏறுகிறது.

படத்துக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டாம். கலம்காரி துணியில் பளிச்சென்று கறுப்புக் கோடு விழ வேண்டுமானால் முதலில் துணியைக் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காய வைக்க வேண்டும். அப்புறம் இரும்புத் துண்டும் வெல்லமும் போட்டுப் புளிக்க வைத்த தண்ணீரைத் தொட்டு வரைந்தால் கோடு கறுப்பாகத் திரும்பும். காளஹஸ்தி ஓவியர்களைக் கேட்டால் கடுக்காய் இல்லாமல் கை ஓடாது என்பார்கள்.

இப்படிப்பட்ட மலையிலே கை நன்றாக ஓடுகிற ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். பள்ளிக்கூட நோட்டில் ஆடு, மாடு, யானை, எம்.ஜி.ஆர்., ரஜினி எல்லாம் வரைகிறான். வாத்தியாரே மெச்சுகிறார். அவன் இதை வைத்து என்ன செய்வான்?

முன்பெல்லாம் பதில் சுலபம். போர்டு எழுதப் போவான். கடைக்குப் பெயர்ப் பலகை, பள்ளிக்கூடச் சுவரில் திருவள்ளுவர், சினிமாக் கொட்டகைக்குத் தட்டி. தேர்தல் வந்தால் கொண்டாட்டம்தான்! சுவர் சுவராகச் சின்னம் எழுதி, மூன்று வாரத்தில் ஆறு மாதச் சாப்பாட்டுக்குச் சம்பாதிப்பார்கள். அந்தப் பிழைப்பை முதலில் இறுக்கியது தேர்தல் கமிஷன் கெடுபிடி. பிறகு 2000-க்கு மேல் ஊருக்கு ஊர் ஃப்ளெக்ஸ் மெஷின் வந்தது. காலையில் ஆர்டர் கொடுத்தால் மத்தியானம் முகம் அச்சாகி வந்துவிடும். பிரஷ் பிடித்த கைகளில் பாதி கட்டட பெயிண்டிங்குக்குப் போய்விட்டது. சுண்ணாம்பு அடித்தால் தினக்கூலி நிச்சயம்!

இன்னொரு வழி டிராயிங் மாஸ்டர் வேலை. அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் டிராயிங் லோயர், ஹையர் எழுதிப் பாஸ் பண்ணி, பயிற்சியும் முடித்துக் காத்திருப்பார்கள். 2012-ல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,549 பேரைப் பகுதி நேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். ஆரம்பச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? மாதம் 5,000 ரூபாய். பிறகு படிப்படியாக ஏறியது. நிரந்தரம் செய்யச் சொல்லி அவர்கள் சென்னையில் உட்கார்ந்த போராட்டங்களை நீங்களே பேப்பரில் படித்திருப்பீர்கள்.

மூன்றாவது வழி சென்னை. பத்திரிகைக்குப் படம் போடுவது.

பேர் கொடுத்த பத்திரிகை

நம்முடைய நடுகல் சிற்பிக்குக் கிடைக்காதது பத்திரிகை ஆர்ட்டிஸ்டுக்குக் கிடைத்தது. அதுதான் பேர்!

தஞ்சாவூர் கோபாலன், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர், ஆனந்த விகடனுக்கு வந்தார். அங்கே ஆர்ட்டிஸ்ட் மாலி அவருக்கு வைத்த பெயர் கோபுலு. நாமக்கல் சீனிவாசன் வந்தார், அவருக்கு 'சில்பி' என்று பெயர் வைத்தவரும் மாலிதான். கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்கு சில்பி வரைந்த தெய்வச் சிலைகளைக் கத்தரித்து பூஜை அறையில் மாட்டிய வீடுகள் உண்டு.

'தில்லானா மோகனாம்பாள்' 1968-ல் சினிமாவாக வந்தது. அதற்குப் பல வருஷம் முன்பே சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் மோகனாம்பாளுக்கும் முகம் கொடுத்து ஜனங்கள் மனசில் உட்கார வைத்தவர் கோபுலு. வந்தியத்தேவன் எப்படி இருப்பான் என்று கேட்டால் பழைய வாசகர்கள் மணியம் போட்ட படத்தைத்தான் சொல்வார்கள். 1950-லிருந்து 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கியில் வந்தபோது வாரா வாரம் அந்தக் கை ஓடியது. மணியம் 1968-ல், 44 வயதில் காலமானார். அவர் மகன் மணியம் செல்வன் அதே தொழிலுக்கு வந்தார்.

இதிலே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பெரிய பெயர் பலரும் முதலில் மாதச் சம்பளக்காரர்கள். ஒரு பத்திரிகை, ஒரு மேஜை, ஒன்றாம் தேதி சம்பளம். வெளியே போய்த் தனியாக நின்றது அப்புறம்தான். கோபுலு 1960-களில் விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். 1972-ல் 'ஆட்வேவ்' என்று சொந்தக் கம்பெனியே வைத்தார். பேர் முன்னாலேயே ஊருக்குத் தெரியும், அந்தப் பேரே மூலதனம் ஆனது.

நம் மலைப் பையனுக்கு அந்த மேஜை கிடையாது. பத்திரிகைகள் ஆர்ட்டிஸ்டைச் சம்பளத்துக்கு வைத்துக் கொள்வது குறைந்து, படத்துக்கு இவ்வளவு என்று வாங்கத் தொடங்கிய பிறகு வந்தவன் அவன்.

அப்படித் தனியாக நின்றும் ஜெயித்தவர் இல்லையா? இருக்கிறார்களே! புதுக்கோட்டை ரங்கநாதன் 1959-ல் சென்னைக்கு வந்தார். சினிமா பேனர் எழுதினார். அப்புறம் 'மாருதி' என்ற கையெழுத்தோடு பத்திரிகைக் கதைகளுக்கும் நாவல் அட்டைகளுக்கும் படம் போட்டார். அந்தப் பெரிய கண்ணும் லட்சணமான முகமும் பார்த்தவுடனே, கையெழுத்தைத் தேடாமலே, மாருதி படம் என்று சொல்லிவிடலாம். 2023 ஜூலையில் அவர் காலமானபோது அரை நூற்றாண்டு வாசகர்கள் வருத்தப்பட்டார்கள். ஜெயராஜ் இன்னொருவர். சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவருக்கும் முகம் அவர் கை வண்ணம்.

என்ன சுகம்?

ஃப்ரீலான்ஸில் சுகம் இல்லாமலா இத்தனை பேர் இருக்கிறார்கள்?

காலையில் எட்டரை பஸ்ஸைத் துரத்த வேண்டாம். மேலதிகாரி முகத்தில் விழிக்க வேண்டாம். ஒரே சமயத்தில் நாலு பத்திரிகைக்கு, ரெண்டு புத்தகக் கம்பெனிக்கு, ஒரு ஜவுளிக் கடை விளம்பரத்துக்கு என்று போடலாம். பிடிக்காத வேலையை வேண்டாம் என்று சொல்லலாம் (சொல்கிற தைரியம் வருவதற்குப் பத்து வருஷம் ஆகும் என்பது வேறு விஷயம்).

கடையில் தொங்குகிற பத்திரிகை அட்டையில் தன் படத்தைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதைக் காசால் அளக்க முடியாது. பக்கத்து வீட்டு அம்மா, 'தம்பி, இது நீ போட்டதா?' என்று கேட்கும்போது உடம்பு ஒரு தரம் சிலிர்க்கும்.

வேறொரு வழியைக் காட்டியவர்களும் உண்டு. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி சோழமண்டலம் கலைக் கிராமத்தை உண்டாக்கினார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று அடுப்பு எரிய வைத்தார்கள். வயிற்றுக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை! யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. தனியாளாகச் செய்ய முடியாததைக் கூட்டாகச் செய்தார்கள். படம் போடுகிறவர்கள் ஒருவர் ரேட்டை ஒருவர் மறைத்து வைத்துக் கொள்கிற இன்றைய நிலைமையில் இது ஞாபகத்துக்கு வரத்தான் செய்கிறது.

'சும்மா போடறதுதானே?'

இனி கஷ்டத்துக்கு வருவோம். முதல் கஷ்டம் ரேட்.

'தம்பி, சும்மா இருக்கிற நேரத்திலே கிறுக்கறதுதானே, இதுக்குப் போய் இவ்வளவா?' என்று கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கொத்தனாரிடம் கேட்க மாட்டார்கள். மெக்கானிக்கிடம் கேட்க மாட்டார்கள். படம் போடுகிறவரிடம் மட்டும் கேட்பார்கள்!

சின்னக் கணக்கு ஒன்று. ஒரு கதைப் படத்துக்கு 500 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். கதையைப் படிக்க ஒரு மணி. பென்சில் ஸ்கெட்ச் இரண்டு மணி. கதாநாயகி கழுத்தைக் கொஞ்சம் திருப்புங்கள், புடவையை மாற்றுங்கள் என்று திருத்தம் வந்தால் இன்னும் ஒரு மணி. மசி ஏற்றி, கலர் கொடுத்து முடிக்க நாலு மணி. மொத்தம் எட்டு மணி நேரம். மணிக்கு 62 ரூபாய் 50 காசு. இதிலே தாள், நிப், கலர் அல்லது டேப்லெட் தவணை, கரண்ட், நெட் எல்லாம் அடக்கம். அந்த 500-ம் மூன்று மாதம் கழித்து வந்தால்?

இரண்டாவது கஷ்டம் நேரம். கதை வருவது செவ்வாய் ராத்திரி, படம் போக வேண்டியது புதன் காலை. முன்பு ஆபீஸ் பையன் வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு காத்திருப்பான். இப்போது போன் காத்திருக்கிறது. மலையில் எல்லா ஊரிலும் டவர் ஒழுங்காக எடுக்காது. பெரிய ஃபைலை அனுப்ப டவர் கிடைக்கிற இடம் தேடி நடக்க வேண்டும். ஆனால் ஒன்று: தபாலில் அனுப்பி மூன்று நாள் நகத்தைக் கடித்த காலம் போய், ஜமுனாமரத்தூரில் உட்கார்ந்து சிங்கப்பூர்ப் புத்தகத்துக்கே படம் போடலாம் என்ற நிலையும் இதே போனால்தான் வந்திருக்கிறது.

மூன்றாவதுதான் பயங்கரம். கை! மாதச் சம்பளக்காரருக்கு உடம்பு முடியாவிட்டால் லீவு உண்டு, பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு. தனியாளுக்குக் கைதான் ஆபீஸ், கைதான் பி.எஃப். முதுமையில் கோபுலுவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை முடங்கியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? இடது கையால் வரையப் பழகி வரைந்தார்! கேட்கக் கேட்கப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாரும் கோபுலு இல்லையே. 2021 ஜூனில் ஓவியர் எஸ். இளையராஜா கொரோனாவுக்குப் பலியானார். கிராமத்துப் பெண்களை போட்டோ போல் வரைந்து உலகத் தமிழர்களைத் திரும்பிப் பார்க்க வைத்த கை அது. தொழிலின் உச்சியில் இருக்கும்போதே போனது.

இப்போது நாலாவதாக ஒன்று வந்திருக்கிறது. வார்த்தையைத் தட்டினால் கம்ப்யூட்டரே படம் போட்டுத் தருகிறது. ஃப்ளெக்ஸ் மெஷின் போர்டு எழுதுகிறவருக்குச் செய்ததை இது கதைப் படம் போடுகிறவருக்குச் செய்துவிடுமோ என்ற பயம் நியாயமான பயம்தான். மலிவுப் பத்திரிகை, மலிவு விளம்பரம் முதலில் அந்தப் பக்கம் சாயும். சிக்கல் சண்முகசுந்தரத்தின் முகத்தை முதன்முதலாக யோசிக்க ஒரு ஆள் வேண்டும் என்று நாம் சொல்லலாம். பணம் கொடுக்கிறவர் அப்படி நினைக்க வேண்டுமே!

சட்டம் என்ன சொல்கிறது?

படம் போடுகிற பலருக்கே தெரியாத சங்கதி இது. 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது.

பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், பத்திரிகையில் வெளியிடுகிற உரிமைதான் முதலாளிக்கு. மற்ற உரிமை வரைந்தவருக்கு. ஆனால் வெளியாள் ஒருவரிடம் காசு கொடுத்து ஓர் ஓவியமோ உருவப்படமோ வரையச் சொன்னால்? வேறு மாதிரி ஒப்பந்தம் செய்து கொள்ளாவிட்டால், காப்புரிமை வரையச் சொன்னவருக்கே போகும்! தனியாள்தான் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். ஒரு கதைக்கு என்று வாங்கிய படம் அடுத்த வருஷம் காலண்டரிலும் பனியன் மேலும் வந்து நிற்பது இப்படித்தான்.

உரிமையை எழுதிக் கொடுப்பதானால் எழுத்தில், கையெழுத்தோடுதான் செல்லும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்றே கணக்கு. உரிமை முழுவதையும் விற்றாலும், 'இதை வரைந்தவன் நான்' என்று சொல்லிக் கொள்கிற உரிமை தனியாக நிற்கிறது. அது சட்டத்தின் 57-வது பிரிவு.

ஓவியர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் காப்புரிமை உண்டு. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் பொன்னியின் செல்வனை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கிறார்கள். நாட்டுடைமை ஆனது எழுத்து. அதற்காக, கைக்குக் கிடைத்த ஓவியர் படத்தையெல்லாம் எடுத்து அட்டையில் ஒட்டிக் கொள்ளலாம் என்று ஆகாது.

பதிவு கட்டாயம் இல்லை. செய்தால் வழக்கு என்று வரும்போது சாட்சியாக உதவும். ஓவியம் ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய். சரக்கு லேபிள் போன்றவற்றுக்குப் பயன்படும் படமானால் 2,000 ரூபாய்.

பணம் இழுத்தடிக்கிறார்களா? அதற்கு 2006-ம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் இருக்கிறது. படம் போடுவதும் சேவைத் தொழில்தான். 'உத்யம்' பதிவு இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். பதிந்தவரிடம் வேலை வாங்கினால், தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒன்றும் பேசாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி! மனு கொடுக்கத் தனிக் கவுன்சில் இருக்கிறது. விவரம் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகும், அடுத்த வாரம் வேலை கொடுக்கிற ஆசிரியர் மேல் மனு கொடுக்க யாருக்கு மனசு வரும் என்ற கேள்வி பாக்கி இருக்கத்தான் செய்கிறது. அதனால்தான் பழம் தின்று கொட்டை போட்ட ஆர்ட்டிஸ்டுகள் முன்கூட்டியே முடித்துக் கொள்கிறார்கள். பாதிப் பணம் முன்பணம். திருத்தம் இரண்டு முறைக்கு மேல் போனால் தனிக் காசு. அனுப்புகிற படத்தின் மூலையில் கையெழுத்து. கூடவே ஒரு கடிதம்: இன்ன தேதி, இன்ன கதைக்கு, ஒரு முறை வெளியிட மட்டும், ஒரிஜினல் திரும்பி வர வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து 'சரி' என்று ஒரு வரி பதில் வந்த பிறகுதான் பென்சிலை எடுப்பார்கள்.